மைல் பூஜ்யத்தை நோக்கி

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஃப்ளோரிடாவின் படகுத்துறைகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க பஹாமாஸ் தீவுகளிலும் ஃப்ளோரிடா வெயிலிலும் காலம் தள்ளிய பாய்மரப் படகுக்காரர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவார்கள், டீசல் ஃபில்டர் மாற்றுவார்கள், பாயில் தையல் விட்ட இடங்களை ஒக்கிடுவார்கள். பிறகு ஒன்றும் இரண்டுமாகக் கிளம்பி, அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாகவே வடக்கே போவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள், ஒரு நாய், சில சமயம் இரண்டு சைக்கிள். ‘ஸ்னோபேர்ட்ஸ்’ என்று ஊரில் இவர்களுக்குப் பெயர்.

வெயிலுக்குப் பயந்து மட்டும் போவதில்லை. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை அட்லாண்டிக்கில் புயல் பருவம். அந்த மாதங்களில் படகு இன்ன அட்சரேகைக்கு வடக்கே இருந்தாக வேண்டும் என்று பல காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசியிலேயே எழுதிவிடுகின்றன. வலசை போகும் பறவைக்கு உள்ளுணர்வு. இவர்களுக்கு பாலிசி நிபந்தனை.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வாய்க்கால், மதகு, ரெகுலேட்டர், தூர் வாரும் எஸ்டிமேட் இவைதான் என் உலகம். மகளும் மாப்பிள்ளையும் வட கரோலினாவில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, சம்பளத்தில் பாதியை அதற்குப் பெயின்ட் அடித்தே கரைப்பவர். தெற்கு ஃப்ளோரிடாவில் நிறுத்தியிருந்த அந்தப் படகை வசந்தத்தில் வர்ஜீனியாவரை கொண்டுபோக வேண்டும் என்றார். “நீங்களும் வாங்க மாமா. பாதி வழி வாய்க்கால்தான். உங்களுக்குப் பிடிக்கும்.” என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான் கார்ல வந்து பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளை சொன்னது சரிதான். கடல் பயணம் என்று நம்பி ஏறினேன். நான் பார்த்ததில் பாதிக்கு மேல் நீர்ப்பாசன இலாகா சமாசாரம்.

வடக்கே போக இரண்டு பாதை. ஒன்று ‘வெளியே’, அதாவது திறந்த கடலில். இன்னொன்று ‘உள்ளே’. கரைக்கும் மணல் தீவுகளுக்கும் நடுவே உள்ள உப்பங்கழிகள், ஆற்று முகத்துவாரங்கள், சதுப்புக் கால்வாய்கள் எல்லாவற்றையும் வெட்டி இணைத்து ஒரு நீர்வழி செய்து வைத்திருக்கிறார்கள். ‘இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே’ என்று பெயர். வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் மைல் 0. அங்கிருந்து தெற்கே எண்ணிக்கொண்டே வந்தால் மயாமி ஏறக்குறைய 1,090-வது மைல். கடல் மைல் கணக்கு கிடையாது, சாலை மைல்தான். வடக்கே போகிறவர்களுக்கு எண் குறைந்துகொண்டே வரும். பராமரிப்பு ராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் பொறுப்பு. நம் பொதுப்பணித்துறைக்கு யூனிஃபார்ம் போட்டுவிட்டது போன்ற அமைப்பு. ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி ஆழம், அதற்குத் தெற்கே மயாமி வரை 10 அடி என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஏடு வேறு, வண்டல் வேறு என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘உள்ளே’ போகும்போது பாய்மரப் படகு பெரும்பாலும் பாய் விரிப்பதே இல்லை. வாய்க்காலின் அகலத்தில் காற்றுக்கேற்ப வளைந்து வளைந்து போக இடம் ஏது? டீசல் எஞ்சினை ஓட விட்டு மணிக்கு ஆறு மைல், ஏழு மைல். காலையில் கிளம்பி சாயங்காலம் நங்கூரம் போட்டால் ஐம்பது மைல் தாண்டியிருக்கும். அதுவே நல்ல நாள்.

தெற்கு ஃப்ளோரிடாவில் தூக்குப்பாலங்கள் அடுத்தடுத்து நிற்கும். பலவும் மணிக்கு இரண்டு தடவைதான் தூக்குவார்கள். ஒன்றைத் தவறவிட்டால் நடு நீரில் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். அதனால் பாம் பீச் அருகில் லேக் வொர்த் முகத்துவாரத்திலிருந்து வெளியே போய்விடுவது என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். அங்கே கரையிலிருந்து சில மைலிலேயே கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடுகிறது. கடலுக்குள் ஓடும் ஆறு. வடக்கு நோக்கி மூன்று நாட், நான்கு நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் வெதுவெதுப்பான நீரைச் சுமந்துகொண்டு போகிறது.

ஆனால் நினைத்த நாளில் அதில் இறங்கிவிட முடியாது. வசந்த காலத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை வடமேற்கிலிருந்து குளிர்காற்று முகப்பு ஒன்று இறங்கி வரும். அது நெருங்க நெருங்க தென்கிழக்குக் காற்று தெற்காகும், பிறகு தென்மேற்காகும். முகப்பு கடந்ததும் சட்டென்று வடமேற்கு, வடக்கு, வடகிழக்கு என்று திரும்பி, சாந்தமாகி, மறுபடி கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் வந்து நிற்கும். கடிகார முள் சுற்றும் திசையிலேயே காற்றும் சுற்றுகிறது. வடக்கே போகிறவனுக்கு வேண்டியது அந்தச் சுற்றில் தென்றல் வீசும் இரண்டு மூன்று நாட்கள் மட்டும். வாடை வீசும்போது கல்ஃப் ஸ்ட்ரீமில் கால் வைக்கக் கூடாது. வடக்கே ஓடும் தண்ணீரும் தெற்கே அடிக்கும் காற்றும் மோதினால் அலை நீண்டு படுக்காது. செங்குத்தாக, நெருக்கமாக எழுந்து, சுவர் சுவராக வரும். முன்னறிவிப்பில் ‘வ’ என்ற எழுத்தே இருக்கக் கூடாது என்பது இங்கே பால பாடம்.

அதனால் காத்திருந்தோம். படகுக்காரர்களின் வாழ்க்கையில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. பக்கத்துப் படகுகளிலிருந்து ஆட்கள் வந்து மாப்பிள்ளையிடம் “நாளைக்கா, நாளன்னைக்கா?” என்பதுபோல ஏதோ கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே வானிலை வரைபடம், ஆளுக்கொரு முடிவு.

கிளம்பிய நாளில் தெற்கு, தென்கிழக்குக் காற்று பன்னிரண்டு பதினைந்து நாட். கரை மங்கிய பிறகு தண்ணீரின் நிறம் மாறியது. பச்சை போய் மையை ஊற்றிய நீலம். படகின் அடியில் சுழலும் சிறு சக்கரம் தண்ணீரில் ஆறு நாட் வேகம் என்று காட்டியது. ஜிபிஎஸ் ஒன்பதே கால் என்றது. நடுவிலுள்ள மூணே கால் நாட் இனாம். கால்வாய்க் கணக்கில் பழகிய எனக்கு அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதே பொழுதுபோக்காக இருந்தது.

இந்த நீரோட்டத்துக்கு முதலில் நல்ல வரைபடம் கிடைத்த கதையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வருகிறார். அமெரிக்கக் காலனிகளின் தபால் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது ஒரு புகார் வந்தது: இங்கிலாந்திலிருந்து நியூயார்க் வரும் தபால் கப்பல்கள், சரக்குக் கப்பல்களைவிட ஏன் இத்தனை நாள் பிந்துகின்றன? அவர் தன் உறவினரான டிமோதி ஃபோல்ஜர் என்ற நான்டக்கெட் கேப்டனைக் கேட்டார். திமிங்கல வேட்டைக்காரர்களுக்கு அந்த ஓட்டம் அத்துப்படி. தபால் கப்பல்காரர்கள் எதிரோட்டத்தில் ஏறி வருகிறார்கள், சொன்னாலும் கேட்பதில்லை என்றார் ஃபோல்ஜர். அவர் போட்டுக் கொடுத்த கோட்டை 1760-களின் கடைசியில் ஃபிராங்க்ளின் அச்சடிக்க வைத்தார். பிரிட்டிஷ் கேப்டன்கள் அப்போதும் சட்டை செய்யவில்லை. களத்தில் இருப்பவன் சொல்வதை மேலே இருப்பவன் கேட்காத வழக்கத்துக்கு வயது அதிகம்.

இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருவராக முறை மாற்றிக்கொண்டோம். எனக்குத் தனி முறை தரவில்லை. மகளோடு சேர்ந்து உட்காரலாம். உயிர்காப்புக் கச்சையிலிருந்து ஒரு பட்டை, படகில் பதித்த இரும்பு வளையத்தில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றாமல்தான் எழுந்து நிற்கவே வேண்டும். ஏஐஎஸ் திரையில் தூரத்துக் கப்பல்களின் பெயர், வேகம், இன்னும் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு பக்கத்தில் கடக்கும் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. வடக்கே போகும் கப்பல்கள் எங்களைப் போலவே ஓட்டத்தின் நடுவில். தெற்கே போகும் கப்பல்கள் கரைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒதுங்கி ஊர்கின்றன. எண்ணெய்ச் செலவு யாருக்கும் ஒன்றுதானே. சமையலறையில் அடுப்பே ஊஞ்சல் கட்டியதுபோலத் தொங்குகிறது. படகு சாயச் சாய அது நேராக நிற்கும். குக்கரில் பருப்பு சாதம் வைத்து அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று விசிலும் ஒழுங்காக வந்தது.

கேப் கனாவெரலைத் தாண்டியதும் கல்ஃப் ஸ்ட்ரீம் கரையை விட்டு விலகி வடகிழக்கே போய்விடுகிறது. கரையோ மேற்கே உள்வாங்குகிறது. நாங்கள் கரைப்பக்கம் திரும்பி, ஜார்ஜியா எல்லையிலுள்ள செயின்ட் மேரிஸ் முகத்துவாரத்தில் உள்ளே வந்தோம். ஒரு பக்கம் கம்பர்லேண்ட் தீவு. காட்டுக் குதிரைகள் திரியும், பாலமே இல்லாத தேசிய கடற்கரைப் பூங்கா. எதிர்ப்பக்கம் கிங்ஸ் பே, அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளின் தளம். இரண்டுக்கும் நடுவே நங்கூரம் போட்டு இட்லிப் பொடியோடு காலை உணவு.

ஜார்ஜியாதான் படகுக்காரர்கள் பயப்படும் பகுதி. அதன் கடற்கரை நேர்கோட்டில் நூறு மைல்தான். உள்வழியில் வளைந்து வளைந்து நூற்று நாற்பது மைலாகிவிடும். இந்த இடத்தில் அமெரிக்கக் கரை உள்நோக்கிக் குழிந்திருக்கிறது, கடலடியும் அகலமான மேடை. ஓதம் ஏறும்போது தண்ணீர் அந்தக் குழிவில் நெருக்கியடித்துக்கொண்டு உயர்கிறது. மயாமியில் இரண்டடி ஏறும் ஓதம் இங்கே ஏழு, எட்டு, சில நாட்களில் ஒன்பது அடி. காலையில் நீங்கள் பார்த்த ஏரி மத்தியானம் சேற்று மேடு. ஜெக்கில் கிரீக், லிட்டில் மட் ரிவர், ஹெல் கேட் என்று சில இடங்களின் பெயரை எடுத்தாலே ஆட்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள்.

எங்கள் படகின் கீல், ஈயம் நிரப்பிய கனத்த அடித்துடுப்பு, தண்ணீருக்குள் நாலரை அடி இறங்கியிருக்கும். ஆழம் குறைந்த இடங்களை ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது கடக்க வேண்டும். தட்டினாலும் அரை மணியில் தண்ணீரே தூக்கிவிடும். இறங்கும்போது தட்டினால் அடுத்த ஓதம்வரை படகு சாய்ந்து கிடக்கும். அல்லது சந்தா கட்டியிருக்கும் இழுவைப் படகுக்காரரைக் கூப்பிட வேண்டும். மாப்பிள்ளை ஒவ்வொரு இரவும் ஓத அட்டவணையை வைத்து, இந்த முகத்துவாரத்தில் ஏறுநீர் எத்தனை மணிக்கு, அடுத்ததில் எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். முறைப்பாசனத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக நேரம் ஒதுக்கிப் பழகியவனுக்கு இது பழைய வேலை.

வழிகாட்டிக் கம்பங்களின் கணக்கும் சுவையானது. கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு அடையாளம் வலப்புறம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. உள்வழியில் ‘வருவது’ எது, ‘போவது’ எது? தெற்கே போவதை வருவதாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே வடக்கே போகும் எங்களுக்குச் சிவப்பு இடப்புறம், அதாவது நிலத்தின் பக்கம். பெரிய ஆறு ஒன்று குறுக்கே கடலுக்குப் போகும் இடத்தில் ஆற்றின் சிவப்பு பச்சையும் வாய்க்காலின் சிவப்பு பச்சையும் கலந்து குழப்பும். அதற்காகவே உள்வழிக் கம்பங்களில் சின்னதாக மஞ்சள் முக்கோணமோ சதுரமோ ஒட்டியிருக்கிறார்கள். பின்னணி நிறம் எதுவானாலும் வடக்கே போகிறவனுக்கு மஞ்சள் முக்கோணம் இடது, சதுரம் வலது. ஏப்ரலில் அந்த அடையாளமும் சில சமயம் தெரியாது. கம்பத்துக்குக் கம்பம் ஆஸ்ப்ரே என்ற மீன்கொத்திப் பருந்து சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டியிருக்கும். நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து கத்தும். எண்ணைப் பார்க்க வேண்டிய நீங்கள்தான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

வசந்தத்தின் அழகைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது ஏமாற்று. பைன் மரங்களின் மகரந்தம் காலையில் படகு முழுக்க மஞ்சள் பொடி தூவி வைக்கும். காற்று நின்ற மாலைகளில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கொசுவலைக் கண்ணியில் நுழைந்து கடிக்கும். அசேலியா பூக்கள் அதற்கு ஈடு செய்கின்றன என்று மகள் சொல்கிறாள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

ஜார்ஜியாவைத் தாண்டி வரும் சார்ல்ஸ்டன் ஊரைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861 ஏப்ரல் 12-ல் பாய்ந்த சம்டர் கோட்டை துறைமுக வாயிலிலேயே இருக்கிறது, பார்த்தோம், கடந்தோம். நான் நின்று பார்த்தது அதற்கு வடக்கே, ஜார்ஜ்டவுன் தாண்டி வரும் வக்காமா ஆற்றில்.

ஆற்றின் இரு கரையிலும் நாணலுக்கு நடுவே நேர்கோட்டில் மண் கரைகள். கரையில் ஓரிடத்தில் பழைய மரச்சட்டம். “அது ரைஸ் ட்ரங்க் மாமா” என்றார் மாப்பிள்ளை. எஞ்சினை மெதுவாக்கச் சொன்னேன். மதகு! 18-ம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இந்த ஆறுகளின் ஓரம் முழுக்க நெல் வயல். கரோலினா கோல்டு என்ற ரகம் ஐரோப்பாவுக்கெல்லாம் போனது.

அந்த மதகு வேலை செய்யும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கரைக்கு அடியில் குறுக்கே ஒரு நீண்ட மரப் பெட்டி. இரண்டு முனையிலும் மேலிருந்து தொங்கும் கதவு. ஓதம் ஏறும்போது கடல்நீர் கீழே முட்டுவதால் ஆற்றின் நன்னீர் மேலெழும். அந்த நேரத்தில் ஆற்றுப்பக்கக் கதவைத் தூக்கி வைத்தால் தண்ணீர் பெட்டிக்குள் பாய்ந்து, வயல்பக்கக் கதவைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வயலை நிரப்பும். ஓதம் இறங்கினால் வயல் தண்ணீர் திரும்பி ஓடப் பார்க்கும். அந்த அழுத்தமே வயல்பக்கக் கதவை அறைந்து மூடிவிடும். ஆள் வேண்டாம், மாடு வேண்டாம், ஏற்றம் வேண்டாம். வடிக்க வேண்டுமானால் வயல்பக்கக் கதவைத் தூக்கிவிட்டு ஆற்றுப்பக்கக் கதவைத் தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். உப்பு ஏறிய தண்ணீர் ஒருமுறை உள்ளே வந்தால் பயிர் போயிற்று. அதனால் ஆற்றில் உப்பு எட்டாத, ஆனால் ஓதம் எட்டும் நீளத்தில் மட்டுமே இந்த வயல்கள்.

இத்தனை கரையையும் போட்டது யார்? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள். சைப்ரஸ் காட்டை வெட்டி, இடுப்பளவு சேற்றில் நின்று, கையால் அள்ளிப் போட்ட மண். மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் கரைகளிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே கூடுதல் விலை கிடைத்தது. அவர்களுக்கு விவசாயம் தெரியும் என்பதே காரணம். அறிவையும் சேர்த்து விலைக்கு வாங்கினார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தக் கரைகளைச் செப்பனிட்டுக் காக்கும் கூலி கட்டுப்படியாகவில்லை. அடுத்தடுத்து வந்த புயல்கள் உடைத்தன. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே நெல் தொழில் முடிந்தது. இன்று அந்த வயல்களில் வாத்துகள் இறங்குகின்றன. என் பணிக்காலத்தில் எத்தனையோ கடைமடை ஷட்டர்களைப் பார்த்திருக்கிறேன், திறந்து மூட ஆளில்லாமல் துருப்பிடித்தவை. தண்ணீரே திறந்து தண்ணீரே மூடும் கதவைச் செய்தவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

மிர்ட்டில் பீச் பக்கத்தில் பாறையைக் குடைந்த குறுகிய வெட்டு ஒன்று வருகிறது. எதிரே பெரிய பார்ஜ் வந்தால் ஒதுங்க இடமில்லை. நுழையும் முன் ரேடியோவில் அறிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். 1936-ல் இந்தத் துண்டை வெட்டியபோதுதான் இந்த நீர்வழியில் கடைசி இடைவெளி அடைபட்டது. அதற்கு வடக்கே, வட கரோலினாவில், மரைன் படை வீரர்களின் லெஜூன் முகாமுக்கு நடுவிலேயே வாய்க்கால் போகிறது. பலகையில் விளக்கு மினுக்கினால் துப்பாக்கிப் பயிற்சி நடக்கிறது என்று பொருள். முடியும்வரை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தோம்.

பாலங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாகக் கட்டும் நிலையான பாலங்களுக்கு உயர்நீர் மட்டத்திலிருந்து 65 அடி உயரம் என்பது விதி. மயாமியில் ஒன்று மட்டும் 56 அடி. உயரமான பாய்மரங்கள் அதனால் அந்த இடத்தில் கடலுக்குப் போய்த் திரும்பி வருகின்றன. எங்கள் மரத்தின் உச்சி ஆன்டெனாவோடு 57 அடி. கணக்குப்படி எட்டடி மிச்சம். ஆனால் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு முறையும் ஆன்டெனா கான்கிரீட்டில் இடிக்கப் போகிறது என்றே தோன்றும். பாலத்தின் தூணில் அப்போதைய இடைவெளியைக் காட்டும் அளவுகோல் இருக்கிறது. அதில் 65 என்று நானே படித்துவிட்டு, நானே கண்ணை மூடிக்கொண்டேன். மகள் பின்னாலிருந்து, “ரிடையர்டு இன்ஜினியர்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா” என்றாள்.

வட கரோலினாவின் போஃபோர்ட் ஊரைத் தாண்டி வெளியே கடலில் போக நினைப்பவர்கள் ஹட்டராஸ் முனையைச் சுற்ற வேண்டும். அங்கே டயமண்ட் மணல்திட்டுகள் கடலுக்குள் மைல்கணக்கில் நீண்டிருக்கின்றன. கல்ஃப் ஸ்ட்ரீம் அதன் வெளிவிளிம்பை உரசிக்கொண்டு போகிறது. வடகாற்று வந்தால் ஒதுங்க இடமே இல்லை. ‘அட்லாண்டிக்கின் இடுகாடு’ என்று அதற்குப் பெயர். உள்நாட்டுப் போரில் பேர் வாங்கிய இரும்புக் கப்பல் மானிட்டர்கூட 1862 டிசம்பர் 31 அதிகாலையில் அங்கேதான் மூழ்கியது. அந்த முனையின் கலங்கரை விளக்கத்தையே கடல் அரிக்க வந்ததால் 1999-ல் முழுசாக நகர்த்தி, 2,900 அடி உள்ளே கொண்டுபோய் நட்டார்கள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். உள்ளேயே போனோம்.

நியூஸ் ஆறு, பாம்லிக்கோ ஆறு, பிறகு இருபது மைலுக்கு மேல் நீளும் ஒரு வெட்டுக் கால்வாய், 1987-ல் செவ்வோநாய்களைத் திரும்பக் காட்டில் விட்ட அலிகேட்டர் ஆற்றுச் சரணாலயம், அதன் பின் ஆல்பமார்ல் உப்பங்கழி. அகலமான, ஆழமில்லாத தண்ணீர், பெரும்பாலும் இருபதடிக்குள்தான். பதினைந்து நாட் காற்றுக்கே குட்டை அலைகள் எழுந்து படகைக் குலுக்கி எடுக்கின்றன. ஆழக்கடலைவிட இந்த ஆழமற்ற கழியில்தான் நான் அதிகம் நனைந்தேன். அக்கரையில் எலிசபெத் சிட்டி. 1983-ல் இரண்டு பெரியவர்கள் தொடங்கிவைத்த வழக்கத்தால், வந்து சேரும் படகுக்காரர்களுக்கு ரோஜாப்பூ கொடுத்து வரவேற்ற ஊர் என்று படகுக்காரர்களிடையே அதற்கு நல்ல பெயர்.

அங்கிருந்து நார்ஃபோக் போக டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் வழியாகப் போனோம். 22 மைல். 1793-ல் தோண்டத் தொடங்கி 1805-ல் திறந்தது. இன்றும் ஓடுகிற மனிதன் வெட்டிய கால்வாய்களில் அமெரிக்காவிலேயே பழையது. இதையும் அடிமைகள்தான் வெட்டினார்கள். இங்கே படகோட்டிய மோசஸ் கிராண்டி என்ற அடிமை, தன் விடுதலைக்காகச் சேர்த்த பணத்தை இரண்டு எஜமானர்களிடம் கொடுத்து ஏமாந்து, மூன்றாம் முறை கொடுத்துத்தான் மீண்டார். அவருடைய வரலாறு 1843-ல் லண்டனில் புத்தகமாக வந்தது. தண்ணீர் இரண்டாம் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. சதுப்பு மரங்களின் பட்டையும் இலையும் ஊறிய சாறு. கெடாமல் இருக்கும் என்று அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு போவார்களாம்.

இரு முனையிலும் லாக். படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவு மூடும். நான் முன்பக்க வடத்தைச் சுவர்மேல் இருந்த முளையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். கட்டிவிடக் கூடாது, தண்ணீர் ஏற ஏற இழுத்துக்கொண்டே வர வேண்டும். நடுக் கால்வாயின் தண்ணீர் சுழித்துக்கொண்டு நுழைந்தது. எட்டடிச் சுவர் மெதுவாக இறங்கி, என் கண்மட்டத்துக்கு வந்து, பிறகு லாக் காவலரின் செருப்பு தெரிந்தது, அப்புறம் அவர் முகம். முன்கதவு திறந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், எல்லாம் அரை மணிக்குள்.

இந்தக் கால்வாய் 2016-ல் வந்த மேத்யூ புயலில் மரங்கள் விழுந்தும் வண்டல் சேர்ந்தும் அடைந்துவிட்டது. திறக்க ஓராண்டுக்கு மேலானது. தூர் வாரும் பணத்தை எத்தனை டன் சரக்கு போகிறது என்ற கணக்கில்தான் ஒதுக்குகிறார்கள். பார்ஜ் போக்குவரத்து குறைந்த இடங்களில் எத்தனை நூறு பாய்மரங்கள் போனாலும் அவை கணக்கில் வராது. ஃப்ளோரிடாவில் மட்டும் நிலைமை தேவலை. 1927-ல் அமைத்த ஒரு தனி வாரியம் கிழக்குக் கரையின் 12 மாவட்டங்களில் சொத்து வரியோடு ஒரு சிறு தொகை வசூலித்துக் கால்வாயைப் பார்த்துக்கொள்கிறது. அங்கே ஆழம் இருக்கிறது, ஜார்ஜியாவில் இல்லை. அலையும் ஓதமும் அதற்குப் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, தூர் வாரும் செலவை யார் ஏற்பது என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பது.

நமக்கும் இப்படி ஒன்று இருந்தது. 1806-ல் சென்னைக்கு வடக்கே சிறு துண்டாகத் தொடங்கி, ஆந்திரத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் கரையோரமாகவே ஓடிய பக்கிங்காம் கால்வாய். விறகும் உப்பும் நெல்லும் பாய் கட்டிய படகுகளில் வந்தன. அதற்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டுவிட்டோம். அமெரிக்கர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களும் தூர் வாராமல் விட்ட இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வாழும் ஒருவன் தன் படகோடு வந்து, “ஏன் இங்கே ஆழம் குறைந்திருக்கிறது?” என்று கேட்கிறான். கேட்க ஆளிருக்கும் வாய்க்கால் பிழைத்துக்கொள்கிறது.

நார்ஃபோக்கில் 36 என்ற எண்ணிட்ட சிவப்பு மிதவைதான் மைல் 0. வழியில் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல்கள் நிற்பதால், பலர் அந்த மிதவையைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பார்க்க ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா போகும் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. படகு வேண்டியதில்லை, நீச்சலும் தெரிய வேண்டியதில்லை. வர்ஜீனியாவின் செசபீக் நகரில், இதே நீர்வழியின் இன்னொரு கிளையில், கிரேட் பிரிட்ஜ் லாக் இருக்கிறது, கரையிலேயே பூங்கா. பக்கத்துப் பாலம் பகலில் மணிக்கு ஒருமுறை தூக்கும். மணி அடிக்கப் பத்து நிமிடம் முன்னதாகப் போய் பெஞ்சில் உட்காருங்கள். பாய்மரங்கள் வரிசை கட்டி வடக்கே போவதைப் பார்க்கலாம்.